பெருங்கப்பல் பார்க்கப் போகிறவர்களுக்கு: கண்ணுக்கும் சொல்லுக்கும் ஒரு வழிகாட்டி

பெரிய பயணிகள் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்த நாளில், "பிரம்மாண்ட சொகுசுக் கப்பல் கரை தட்டியது" என்று நான் ஒருமுறை எழுதினேன். பல ஆண்டுகள் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று விசாரித்தார். எனக்கு விளங்கவில்லை. கரை தட்டுவது என்றால் ஆழமில்லாத இடத்தில் அடிப்பாகம் மோதிச் சிக்கிக்கொள்வது என்று அவர் விளக்கிய நேரத்தில், கப்பல் துறையில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. என் மானம்தான் கப்பலேறியிருந்தது.

பிழை அந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. நான் 'சொகுசுக் கப்பல்' என்று எழுதியதும் சரியில்லை, 'எடை' என்று போட்ட எண் எடையே இல்லை என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். முதல் தடவை பெருங்கப்பல் பார்க்கப் போகிறவர்களுக்கும், பார்த்ததை நாலு வரி எழுதிவைக்க நினைப்பவர்களுக்கும் அன்று கற்றதையும் பிறகு கற்றதையும் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. கிளம்பும் முன் பெயரைப் பிடியுங்கள்

கப்பலின் பெயர் தெரிந்தால் மற்றவையெல்லாம் கிடைத்துவிடும். பயணிகள் கப்பல்கள் ஏஐஎஸ் எனப்படும் தானியங்கி அடையாளக் கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. பெயர், இருக்கும் இடம், வேகம், திசை ஆகியவற்றை அந்தக் கருவி வானொலி அலையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். அதை வரைபடத்தில் காட்டும் இணையதளங்களும் செயலிகளும் உண்டு. செய்தியில் வந்த நேரத்தை மட்டும் நம்பிப் போனால் வெறும் கடலைப் பார்த்துத் திரும்ப நேரிடும். அறிவிக்கப்படும் வருகை நேரம் பெரும்பாலும் கப்பல் துறையில் அணையும், அதாவது கரையோரம் வந்து நிற்கும் நேரம். அது துறைமுக வாயிலைக் கடக்கும் காட்சி அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். அந்தக் காட்சியைத் தவறவிட்டால் பாதி தவறியது போலத்தான்.

ஒரே பெயரில் இரண்டு மூன்று கப்பல்கள் இருக்கலாம். ஆகவே ஐஎம்ஓ எனப்படும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு இலக்கம் கொண்ட இந்த எண், உரிமையாளர் மாறினாலும் பெயர் மாறினாலும் கொடி மாறினாலும் மாறாது.

பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளும் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. எஸ்.எஸ். என்றால் நீராவியால் ஓடும் கப்பல், எம்.வி. என்றால் மோட்டாரால் ஓடுவது. ஆர்.எம்.எஸ். என்பது பிரிட்டிஷ் அரசின் தபாலைச் சுமக்கும் உரிமை பெற்ற கப்பலைக் குறிக்கும். டைட்டானிக்கின் முன்னெழுத்து அதுதான். இவற்றுக்குள் 'கப்பல்' என்ற பொருள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதற்காக 'எம்.வி. கப்பல்' என்று எழுதியவரைப் பிடித்து வாதாட வேண்டியதில்லை. பிழை பார்ப்பதற்கும் ஓர் அளவு உண்டு.

2. லைனரா, உல்லாசக் கப்பலா?

பெரிதாக, வெள்ளையாக, பல மாடிகளோடு இருந்தால் உடனே 'சொகுசுக் கப்பல்' என்று எழுதிவிடுகிறோம். சொகுசு என்பது உள்ளே இருக்கும் அறைகளைப் பற்றிய சொல். கப்பல் எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அது சொல்வதில்லை.

லைனர் என்ற சொல் 'லைன்' என்பதிலிருந்து வந்தது. குறித்த தடத்தில், குறித்த நாளில், மழையானாலும் புயலானாலும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆட்களையும் தபாலையும் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. விமானம் இல்லாத காலத்தில் கடல் கடக்க வேறு வழி கிடையாது. சாமுவேல் கூனார்டின் நிறுவனம் 1840இல் அட்லாண்டிக் பெருங்கடலில் இப்படி ஒரு தபால் சேவையைத் தொடங்கியது. பிறகு நிறுவனங்களுக்கு இடையே வேகப் போட்டி மூண்டது. எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற லைனர் 1952இல் தன் முதல் பயணத்திலேயே அந்தப் பெருங்கடலை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்தது. ஆறு ஆண்டு கழித்து, 1958இல், அதே கடலின் மேல் ஜெட் விமானச் சேவை வந்தது. லைனர்களின் காலம் அதன் பிறகு வேகமாகத் தேய்ந்துபோனது.

உல்லாசக் கப்பலுக்கு அவசரம் இல்லை. அதில் போகிறவருக்குக் கப்பலேதான் விடுதி. கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பி வந்தாலும் அவர் கவலைப்பட மாட்டார். புயல் வருகிறதென்றால் பாதையை மாற்றிக்கொள்ளலாம், ஒரு துறைமுகத்தை விட்டுவிடலாம். அதனால் அதன் உடல் வேறு மாதிரி அமைகிறது.

நேரில் பார்க்கும்போது இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியும். இன்று லைனர் என்ற பெயருக்கு உரியதாகச் சேவையில் இருப்பது குயின் மேரி 2. ஸ்டீஃபன் பெய்ன் வடிவமைத்து, பிரான்சின் செயின்ட் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 2004 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பியது. நீளம் 345 மீட்டர். அதன் முன்பகுதி நீண்டு கூர்ந்திருக்கும். முன்தளத்தில் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் நிற்கும், மேலே ஏறும் அலையை உடைத்து வழியவிடுவதற்காக. தளங்கள் அதற்குப் பின்னால், எட்டத்தில்தான் எழத் தொடங்கும். உயிர்காப்புப் படகுகளைப் பாருங்கள். விதிப்படி அவை நீர்மட்டத்துக்கு மேல் 15 மீட்டர் உயரத்துக்குள் தொங்க வேண்டும். வடக்கு அட்லாண்டிக்கின் பேரலைகள் அவற்றை நொறுக்கிவிடக்கூடும் என்று காரணம் காட்டி, விலக்கு வாங்கி, இந்தக் கப்பலில் ஏறக்குறைய 25 மீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். படகு எங்கே தொங்குகிறது என்று பார்த்தே கப்பலின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

உல்லாசக் கப்பலில் முன்பகுதி குட்டையாகவும் மழுங்கலாகவும் இருக்கும். அறைகளின் அடுக்கு கிட்டத்தட்ட முனைவரை வந்துவிடும். பால்கனி, நீச்சல் குளம், சறுக்குமரம் எல்லாம் கண்ணில் படும். 2024இல் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் இந்த வகையைச் சேர்ந்தது. குயின் மேரி 2ஐவிட மிகப் பெரியது, ஆனாலும் லைனர் ஆகாது.

ஆகவே, லைனரை லைனர் என்றே எழுதுங்கள். தமிழிலேயே வேண்டுமென்றால் 'பெருங்கடல் பயணிகள் கப்பல்' பொருந்தும். மற்றதற்கு 'உல்லாசக் கப்பல்' அல்லது 'சுற்றுலாக் கப்பல்'. எது என்று தெரியாதபோது 'பயணிகள் கப்பல்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. சரக்கு உலகில் லைனர் என்ற சொல் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. அட்டவணைப்படி ஓடும் கன்டெய்னர் கப்பல்களின் சேவையை லைனர் சேவை என்றே அழைக்கிறார்கள். சரக்கு கிடைத்த இடத்துக்கெல்லாம் அலையும் கப்பலுக்கு அந்தப் பெயர் கிடையாது.

3. கப்பலும் படகும் கலமும்

'கப்பல் படகைச் சுமக்கும், படகு கப்பலைச் சுமக்காது' என்று கடலோடிகள் சொல்வார்கள். புதியவர்களுக்கு இந்த ஓர் அளவுகோல் போதும். லைனரின் பக்கவாட்டில் தொங்குபவை படகுகள். அதைத் தள்ளிவிட வரும் சிறிய, பலசாலியான கலத்தை 'இழுவைப் படகு' என்றும் 'இழுவைக் கப்பல்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் வழக்கில் உள்ளவை. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. சேதமான கப்பலை முதுகில் ஏற்றிச் செல்லும் கப்பல்களும் இருக்கின்றன. அவற்றை வைத்து அளவுகோலை முறிக்க வேண்டாம்.

ஆங்கிலேய மாலுமிகள் நீர்மூழ்கியைப் 'படகு' என்று சொல்வது வழக்கம். நாம் நீர்மூழ்கிக் கப்பல் என்கிறோம். நம் சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

படகுக்குக் கீழே தமிழில் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்தது கட்டுமரம். அதற்கு உட்குழிவே கிடையாது. குழிவான மரக்கலம் வள்ளம். ஆறு கடக்க ஓடம். வட்டமாகப் பின்னித் தோல் போர்த்தது பரிசல். நீரில் மிதக்கும்படி கட்டிய தட்டை மேடை தெப்பம். இயந்திரம் பொருத்திய மீன்பிடிக் கலம் விசைப்படகு. தோணி என்ற சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறும். சில கரைகளில் அது கைத்துடுப்புச் சிறுபடகு, சில கரைகளில் கடல் கடந்து சரக்கு ஏற்றும் பெரிய மரக்கலம். எழுதும்போது ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள். கட்டுமரத்தைப் 'படகு' என்று எழுதுவதும் லைனரைப் படகு என்று எழுதுவதும் ஏறக்குறைய ஒரே அளவு தவறு. முன்னதை யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

நம் சொற்கள் கடலேறிப் போயும் இருக்கின்றன. கட்டுமரம் ஆங்கிலத்தில் இரட்டை உடல் கொண்ட கலத்துக்குப் பெயராகிவிட்டது. மலாய் மொழியில் கப்பலுக்குப் பெயர் 'கபல்'.

நாவாய், வங்கம், மரக்கலம் ஆகியவை பழைய சொற்கள். "கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து" என்ற குறளைப் பள்ளியில் படித்த நினைவில் லைனரை 'நாவாய்' என்று எழுதத் தோன்றும். கவிதையில் எழுதலாம். வழிகாட்டிக் குறிப்பில் எழுதினால் படிப்பவர் கண்முன் பாய்மரம் வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல 'கலம்' இருக்கிறது. என்ன வகையென்று தெரியாதபோது இந்தச் சொல் கைகொடுக்கும். விண்வெளிக்குப் போவதையும் நாம் விண்கலம் என்கிறோம். பானையும் கலம், கப்பலும் கலம், 12 மரக்கால் நெல்லும் ஒரு கலம். பாத்திரம், அளவு, ஊர்தி மூன்றுக்கும் ஒரே பெயர். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த படி எளிதாகும்.

4. டன் என்பது எடை இல்லை

"46,328 டன் எடை கொண்ட டைட்டானிக்" என்ற வரியைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த எண் சரி, 'எடை' தவறு. அது கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் அளவு. அக்காலத்தில் 100 கன அடியை ஒரு டன் என்று கணக்கிட்டார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே பெரிய மதுப்பீப்பாயின் பெயரிலிருந்து வந்தது. எத்தனை பீப்பாய் ஏற்றலாம் என்பதுதான் அன்றைய கேள்வி. நெல்லைக் கலத்தால் அளந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 1969இல் உருவாகி 1982இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு கணக்கிடும் முறை மாறியது. இப்போதும் அளக்கப்படுவது கொள்ளளவுதான்.

உண்மையான எடையை, கப்பல் விலக்கும் நீரின் எடையைக் கொண்டு சொல்வார்கள். டைட்டானிக்குக்கு அது ஏறக்குறைய 52,000 டன். ஆகவே 'மொத்தக் கொள்ளளவு' என்று எழுதுங்கள். குயின் மேரி 2க்கு அது 1,49,000 அளவில் இருக்கிறது. ஐகான் ஆஃப் த சீஸுக்கு 2,48,663.

வேகத்தில் இன்னொரு வழுக்கல் உண்டு. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 'மணிக்கு' அதற்குள்ளேயே இருக்கிறது. "மணிக்கு 30 நாட்" என்று எழுதினால் மணி இரண்டு முறை அடித்துவிடும். 30 நாட் என்றாலே போதும். சாலைக் கணக்கில் அது மணிக்கு 55 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும்.

5. கரையில் நின்று பார்க்கும்போது

துறைமுகத்துக்குள் நுழைய அனுமதி கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். 2004இல் பன்னாட்டுப் பாதுகாப்பு விதிகள் வந்த பிறகு, பயணிகளையும் பணியாளர்களையும் தவிர மற்றவர்களைக் கப்பல் அருகே விடுவது அரிது. வாயிலுக்கு எதிர்க்கரையோ, உயரமான பொது இடமோ நல்லது. தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கத் தடை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

கப்பல் இன்னும் வெளியே இருக்கும்போதே ஒரு சிறுபடகு அதை நோக்கி விரையும். பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியைப் பிடித்து ஒருவர் ஏறுவார். அவர்தான் பைலட். அந்தத் துறைமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் அவருக்கு அத்துப்படி. மொழிபெயர்ப்புகளில் இவர் 'விமானி' ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கப்பலில் விமானி என்ன செய்வார்? 'துறைமுக பைலட்' என்றோ 'வழிகாட்டி மாலுமி' என்றோ எழுதுங்கள். அவர் ஏறியதற்கு அடையாளமாக, செங்குத்தாகப் பாதி வெள்ளை பாதி சிவப்பாக ஒரு கொடி ஏறும். அவர் வழி சொன்னாலும் பொறுப்பு கேப்டனுடையதே.

பின்புறம் பறக்கும் கொடி, கப்பல் எந்த நாட்டில் பதிவானது என்பதைச் சொல்லும். பதிவுத் துறைமுகத்தின் பெயரும் பின்புறத்தில் எழுதப்பட்டிருக்கும். அது கப்பல் வழக்கமாக வந்துபோகும் ஊராக இருக்க வேண்டிய அவசியமில்லை. வந்த நாட்டுக்கு மரியாதையாக அந்நாட்டுக் கொடியையும் மேலே ஏற்றியிருப்பார்கள்.

ஆழம் போதாத துறைமுகத்தில் கப்பல் உள்ளே வராது. வெளியே நங்கூரம் பாய்ச்சி நின்றுகொண்டு, பயணிகளைப் படகுகளில் அனுப்பும். கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை 'மிதவை ஆழம்' என்பார்கள். குயின் மேரி 2க்கு அது ஏறத்தாழ 10 மீட்டர். முன்னும் பின்னும் உடலில் எழுதியிருக்கும் எண்களைத் தொலைநோக்கியில் படித்தால் நீங்களே சொல்லிவிடலாம்.

கப்பல் அணைந்ததும் வடங்களைக் கவனியுங்கள். முதலில் ஒரு மெல்லிய கயிறு பறந்து வரும். அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே கனத்த வடம் வரும். பிறகு ஒவ்வொரு வடத்திலும் வட்டத் தகடு ஒன்றை மாட்டுவார்கள். எலி ஏறாமல் தடுப்பதற்கு. 345 மீட்டர் கப்பலும் எலிக்கு அஞ்சத்தான் செய்கிறது.

6. உறுப்புகளின் பெயர்

கப்பலின் முன்பகுதி அணியம், பின்பகுதி பின்னணியம். அடிநெடுக ஓடும் முதுகெலும்பு ஏரா. இவை கடலோரத்தில் பிறந்த சொற்கள், தயங்காமல் பயன்படுத்தலாம். முதல் தடவை மட்டும் பக்கத்தில் பொருள் சொல்லிவிடுங்கள். இடப்புறம், வலப்புறம் என்பவை அணியத்தை நோக்கி நிற்பவரின் கணக்கு. இடப்புறத்தில் சிவப்பு விளக்கு, வலப்புறத்தில் பச்சை. கப்பல் உங்களை நோக்கி வரும்போது சிவப்பு உங்கள் வலக்கைப் பக்கம் தெரியும். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

'கேப்டன் சுக்கானைத் திருப்பினார்' என்று அழகுக்காக எழுதிவிடாதீர்கள். குயின் மேரி 2க்குச் சுக்கானே கிடையாது. அடியில், மோட்டாரும் சுழல்விசிறியும் அடங்கிய நான்கு உந்துவிசைக் கூடுகள் தொங்குகின்றன. அவற்றில் பின்னால் இருக்கும் இரண்டும் சுழன்று கப்பலைத் திருப்பும்.

7. வினைச்சொல்லில்தான் கப்பல் கவிழும்

என் தவறு நடந்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கப்பல் துறைமுகத்தை 'வந்தடைந்தது', துறையில் 'அணைந்தது', வெளியே 'நங்கூரமிட்டது'. 'கரை தட்டியது' என்றாலும் 'தரை தட்டியது' என்றாலும் விபத்து. 'கரை ஒதுங்கியது' என்றால் ஆளில்லாமல், கட்டுப்பாடு இல்லாமல் அலை தள்ளிக்கொண்டு வந்தது. 'கவிழ்ந்தது' என்றால் புரண்டது, 'மூழ்கியது' என்றால் நீருக்குள் போனது. கவிழ்ந்த கப்பல் மூழ்காமலும் இருக்கலாம்.

'வெள்ளோட்டம்' என்பது சோதனை ஓட்டம். பயணிகளோடு முதல் தடவை கிளம்புவது 'முதல் பயணம்'. 'கன்னிப் பயணம்' என்பது ஆங்கிலத்தை அப்படியே தூக்கி வைத்தது. பலர் எழுதுகிறார்கள், எனக்கு ஒட்டவில்லை.

ஆங்கிலத்தில் கப்பலைப் பெண்பாலில் சொல்லும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. லாயிட்ஸ் லிஸ்ட் என்ற கப்பல் துறைப் பத்திரிகையே 2002இல் அதைக் கைவிட்டது. பெயர் ராணியுடையதாக இருந்தாலும் தமிழில் கப்பல் அஃறிணை. 'குயின் மேரி வந்தாள்' என்று எழுத வேண்டாம், 'வந்தது' போதும்.

8. புறப்படும் நேரம்

பலர் வருகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனக்குப் புறப்பாடுதான் மேல். நீல நிறத்தில் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட கொடி ஏறினால், கிளம்பப் போகிறது, எல்லோரும் கப்பலுக்குத் திரும்புங்கள் என்று பொருள். வடங்கள் ஒவ்வொன்றாக அவிழும். இழுவைப் படகுகள் தோள் கொடுக்கும். பிறகு சங்கொலி. மூன்று குறுகிய ஒலி கேட்டால் இயந்திரம் பின்னோக்கி இயங்குகிறது. ஒன்று கேட்டால் வலப்புறம் திரும்புகிறது, இரண்டு கேட்டால் இடப்புறம். ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து கேட்டால், எதிரே உள்ள கலம் என்ன செய்யப் போகிறது என்று கப்பலுக்குச் சந்தேகம். வந்திருப்பது குயின் மேரி 2 என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அதன் ஊதல்களில் ஒன்று 1930களில் கட்டப்பட்ட பழைய குயின் மேரியில் இருந்தது.

கப்பல் வாயிலைத் தாண்டிய பிறகும் சிறிது நேரம் நில்லுங்கள். கூட்டம் கலைந்திருக்கும். காலையில் பார்த்த அதே சிறுபடகு மறுபடியும் வெளியே போகும். கயிற்றேணியில் பைலட் இறங்கி வருவார். படகு அவரை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப, கப்பல் வேகம் பிடிக்கும்.